பார்வையும் பொருளும்



‘குவாண்டம் சக்தி’ என்று எழுதிய பதக்கமொன்றைத் தானா ராத்தாவிலுள்ள என் கடையில் வைத்து விற்கும்படி ஒருவர் கேட்டார். “மனம் பார்க்கும் விதத்தில் பொருள் மாறும், விஞ்ஞானமே சொல்லிவிட்டது. சீனி வியாதியும் தீரும்” என்றார். நான் மறுத்துவிட்டேன். விஞ்ஞானம் சொன்னது என்ன என்பதை நாம் அறிய வேண்டாமா?

தராசில் அரிசியை நிறுத்தால் அரிசி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. முன்னரே இருந்த எடையைத் தெரிந்துகொள்கிறோம். அறிவு என்பது இவ்வளவே என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அணுவின் உலகில் அது பொருந்தவில்லை.

கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் 1931இல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர் ஈ. சி. ஜி. சுதர்சன். அவரும் பைத்யநாத் மிஸ்ராவும் 1977இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். மாறக்கூடிய ஓர் அணுவை, ‘மாறிவிட்டதா?’ என்று இடைவிடாது சோதித்துக்கொண்டே இருந்தால், அது மாறவே மாறாது என்பது அதன் முடிவு.

1990இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இதைச் சோதித்தனர். சுமார் 5,000 பெரிலியம் அயனிகளை ரேடியோ அலையால் கால் வினாடியில் வேறு நிலைக்கு மாற்ற ஏற்பாடு செய்தனர். இடையில் சோதிக்காதபோது ஏறக்குறைய எல்லாம் மாறின. அதே நேரத்திற்குள் 64 முறை ஒளி பாய்ச்சிச் சோதித்தபோது, அநேகமாக எதுவும் மாறவில்லை.

காரணம் என்ன? மாறத் தொடங்கிய அணு, இரு நிலைகளும் கலந்ததாக இருக்கிறது. சோதித்ததும் ஏதேனும் ஒன்றில் நின்றுவிடுகிறது. தொடக்கத்திலேயே சோதித்தால் பெரும்பாலும் பழைய நிலையே கிடைக்கும். பயணம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இடியப்பம் வேகிறதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் வேகாதல்லவா? ஆனால் அங்கே கண்ணாடி மூடி போட்டால் தீர்ந்தது. அணுவுக்குக் கண்ணாடி மூடி கிடையாது. அறிய வேண்டுமானால் அதைத் தொட்டே ஆகவேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அயனிகளைத் தடுத்தது எவருடைய மனமும் அன்று. அவற்றின்மேல் பட்ட ஒளி. அறையில் ஆளில்லாவிட்டாலும் முடிவு அதுவே. கேள்வியை நாம் தேர்ந்தெடுக்கலாம். விடையை விரும்பியபடி வரவழைக்க முடியாது.

ஆகவே சகோதரர்களே, சீனி வியாதிக்கு மருத்துவரிடம் செல்லுங்கள். பதக்கத்துக்குக் கொடுக்கும் பணம் மருந்துக்கு உதவட்டும்.