"ரெண்டு நாள்ல முடியுமா?"

ரசீதைப் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பட்டன். கேட்டது அவ்வளவுதான். பணம் கட்டும் பக்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, ஆங்கில ரசீதும் வந்துகொண்டிருந்தது. அதே ரசீது தமிழிலும் வேண்டும். "எத்தனை நாள் ஆகும்?" என்று டீம் லீட் கேட்டதும் "ரெண்டு நாள் போதும்ணா" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

முதல் நாள் மாலையே ரசீது வந்துவிட்டது. ஆனால் 'பெயர்' என்ற சொல்லில் கொம்பு பகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. 'மொத்தம்' சிதறிக் கிடந்தது. கணினிக்குள் தமிழ் சேமிக்கப்படும் வரிசையில் முதலில் ப, அதற்குப் பிறகுதான் கொம்பு. பிரவுசர் அதை எடுத்து முன்னால் வைத்துக் காட்டும்; நாங்கள் பயன்படுத்திய பிடிஎஃப் லைப்ரரிக்கு அந்த வேலை தெரியாது. வேறு லைப்ரரி தேடி, அதன் லைசென்ஸைப் பார்த்து, சர்வரில் எழுத்துருவை ஏற்றி, ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஆங்கில ரசீதையும் மறுபடி டெஸ்ட் செய்து முடிக்கப் பதின்மூன்று வேலை நாள் ஆனது. அந்தப் பதின்மூன்று நாளும் தினமும் காலை மீட்டிங்கில் "இன்னைக்கு முடிஞ்சிடும்" என்று சொன்னேன். அப்படித்தான் நம்பவும் செய்தேன்.

எஸ்டிமேட் போடுவதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கல்லூரியில் சூத்திரங்கள் இருந்தன. அலுவலகத்தில் நம்பிக்கைகள் இருந்தன. இன்று வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடமும் அதே நம்பிக்கைகளைத்தான் காண்கிறேன்.

நம்பிக்கை: அனுபவம் வந்தால் எஸ்டிமேட் தானாகச் சரியாகிவிடும்.

உளவியலாளர் டேனியல் கானமன் தம் வாழ்வில் நடந்த ஒன்றை எழுதியிருக்கிறார். இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளிகளுக்காக, முடிவெடுத்தல் பற்றிய பாடத்திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் குழுவில் அவர் இருந்தார். ஒரு வருஷம் போல வேலை நடந்தபின், முடிக்க இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னார். எல்லாச் சீட்டும் ஒன்றரை வருஷத்துக்கும் இரண்டரை வருஷத்துக்கும் நடுவே இருந்தன. அதன்பின் குழுவிலிருந்த பாடத்திட்ட வல்லுநர் சீமோர் ஃபாக்ஸிடம், இதுபோன்ற மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டார். அவர் யோசித்துச் சொன்னார்: நாற்பது சதவீதம் போல முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து வருஷம். அந்த வல்லுநரும் தம் சீட்டில் மற்றவர்களைப் போலவே எழுதியிருந்தார். பாடத்திட்டம் கடைசியில் முடிந்தது எட்டு வருஷம் கழித்து.

பதில் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. தன் வேலை என்று வந்தபோது அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கையிலிருக்கும் வேலையை உள்ளிருந்து பார்க்கிறோம். அடுத்தடுத்த படிகள் தெளிவாகத் தெரிகின்றன, இடறப்போகும் கல் தெரிவதில்லை. கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இந்தப் பிழைக்குப் பெயரிட்டு எழுதினார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியல் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்கூட 49 நாளுக்குள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல்.

நம்பிக்கை: எஸ்டிமேட் சொன்னால் அது வாக்கு.

அதிகம் பேரைக் காயப்படுத்துவது இந்த நம்பிக்கைதான். "பொங்கலுக்குள் ரிலீஸ் ஆகணும்" என்று கிளையன்ட் சொல்வது இலக்கு. அது முற்றிலும் நியாயமான தேவையாகவே இருக்கலாம். "இந்த வேலைக்கு ஐந்திலிருந்து எட்டு வாரம் ஆகும்" என்பது கணிப்பு. "இன்னின்ன வசதிகளை இந்தத் தேதிக்குத் தருகிறோம்" என்று கையெழுத்துப் போடுவது வாக்கு. ஸ்டீவ் மெக்கனல் 2006-இல் எஸ்டிமேட் பற்றி எழுதிய நூலில் இந்த மூன்றையும் பிரிப்பதிலிருந்துதான் தொடங்குகிறார். நம் மீட்டிங்குகளில் மூன்றும் ஒரே எண்ணாக ஆகிவிடுகின்றன. எட்டு வாரம் என்று ஒரு பெண் சொல்கிறாள். "ஆறுல முடிச்சிடலாமே" என்று மேனேஜர் சொல்கிறார். அறையில் எல்லாரும் அவளைப் பார்க்கிறார்கள். "ட்ரை பண்றேன் சார்" என்கிறாள். குறிப்பில் ஆறு வாரம் என்று ஏறிவிடுகிறது. அந்த இரண்டு வாரத்தை அவள் இரவுகளிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்தும் எடுத்துத் தர வேண்டும்.

கத்தரிக்காய் விலையைப் பேரம் பேசலாம். விற்பவர் தன் லாபத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். எட்டு வார வேலையை ஆறு என்று சொல்ல வைத்தால் வேலை குறையாது. பேரம் பேசக்கூடியது ஒன்று உண்டு: எதைச் செய்யப்போகிறோம் என்பது. பொங்கலுக்கு மூன்று ரிப்போர்ட் போதுமா, ஏழும் வேண்டுமா? அதைக் கேட்கும் மேனேஜர் உண்மையாகவே நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

ஆரம்பத்தில் ஒற்றை எண்ணைக் கேட்பதே தவறு. பாரி போம் 1981-இல் எழுதிய மென்பொருள் பொருளாதார நூலில், எண்ணம் மட்டுமே இருக்கும் கட்டத்தில் ஒரு செலவுக் கணிப்பு நான்கில் ஒரு பங்காகவும் போகலாம், நான்கு மடங்காகவும் போகலாம் என்று காட்டினார். பத்து லட்சம் என்று சொன்னால் இரண்டரை லட்சமும் சாத்தியம், நாற்பது லட்சமும் சாத்தியம். தேவைகள் தெளிவாகி, வடிவமைப்பு முடிய முடியத்தான் இந்த இடைவெளி சுருங்கும். முதல் வாரமே ஒரே தொகைக்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

நம்பிக்கை: கோட் எழுதும் நேரத்தைக் கூட்டினால் போதும்.

ஐபிஎம்மின் ஓஎஸ்/360 வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் தந்த கணக்கில் கோட் எழுதுவதற்கு ஆறில் ஒரு பங்குதான். திட்டமிட மூன்றில் ஒரு பங்கு, பாதி நேரம் டெஸ்டிங்குக்கு.

காத்திருப்பு வேறு இருக்கிறது. செல்பேசிக்கு ஓடிபி அனுப்பும் வசதியைப் பாருங்கள். கோட் அரை நாள் வேலை. ஆனால் நம் நாட்டில் அந்தக் குறுஞ்செய்தியின் வாசகத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும். ஒரு சொல் மாறினாலும் மறுபடி பதிய வேண்டும். உழைப்பு அரை நாள். காலண்டரில் ஒரு வாரம் போயிருக்கும். செலவுக் கணக்குக்கு முதல் எண் வேண்டும், தேதிக்கு இரண்டாவது எண் வேண்டும். ஒன்றைக் கேட்டவருக்கு மற்றதைச் சொல்லித்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன.

நம்பிக்கை: தாமதமானால் ஆளைக் கூட்டலாம்.

தாமதமான வேலையில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று சொன்னவரும் புரூக்ஸ்தான். புதிதாக வருபவருக்குச் சொல்லித்தருவது, வேலை தெரிந்தவரின் நேரம். ஒருவரோடொருவர் பேச ஐந்து பேருக்குள் பத்து இணைப்புகள். பத்துப் பேரானால் நாற்பத்தைந்து. சம்பளச் செலவு மட்டும் சரியாக இரட்டிப்பாகும்.

நம்பிக்கை: எதற்கும் இரண்டால் பெருக்கிச் சொல்.

சீனியர்கள் அன்போடு தரும் அறிவுரை இது. நீங்கள் பெருக்குவது தெரிந்ததும் மேலே இருப்பவர் வகுக்கத் தொடங்குவார். அதற்குப் பதிலாக மூன்று எண் எழுதலாம். அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் கொண்டுவந்த பெர்ட் முறை இது. நல்லபடி போனால், வழக்கம்போல் போனால், மோசமாகப் போனால். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுப்பது. என் ரசீதுக்கு 2, 4, 12 என்று போட்டிருந்தால் ஐந்து நாள் வந்திருக்கும். அதுவும் தப்புதான். ஆனால் பன்னிரண்டைப் பார்த்த யாராவது "ஏன் பன்னிரண்டு?" என்று கேட்டிருப்பார்கள். "பிடிஎஃப்பில் தமிழ் ஒழுங்காக வருமா என்று தெரியாது" என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். 'பெயர்' என்ற ஒரே சொல்லை அச்சிட்டுப் பார்க்க அரை நாள் கேட்டிருப்பேன்.

இப்போது எங்கள் டீமில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு நோட்டும் நான்கு கட்டங்களும் தருகிறேன்: வேலை, சொன்ன நாள், ஆன நாள், ஏன். வேலை தொடங்கும் முன்பே இரண்டாவது கட்டத்தைப் பேனாவால் நிரப்பிவிட வேண்டும், பிறகு திருத்தக் கூடாது. ஒரு பெண்ணின் நோட்டில் முதல் இருபது வேலைகளில் 'ஏன்' என்ற கட்டத்தில் ஏழு முறை ஒரே காரணம் இருந்தது: வேறு டீமின் பதிலுக்குக் காத்திருந்தேன். போன வாரம் அவளிடம் ஒரு புது வேலையைச் சொல்லி "எத்தனை நாள்?" என்று கேட்டேன். நோட்டைப் புரட்டினாள்.

"அவங்க ஏபிஐ எப்படி இருக்குன்னு நான் இன்னும் பார்க்கலண்ணா. அரை நாள் கொடுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."