கால்நடை மருத்துவம் பயில விழைவோர் முதலில் பயில வேண்டியது

'மாடு' என்னும் சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்றும் பொருள் உண்டு. அச்செல்வத்தைக் காக்கும் கல்வியே கால்நடை மருத்துவம். சென்னையில் 1903ஆம் ஆண்டிலும், நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. 1989இல் இத்துறைக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. பின்னர் திருநெல்வேலி, ஒரத்தநாடு முதலிய ஊர்களிலும் கல்லூரிகள் ஏற்பட்டன. நம் விலங்கியல் துறையில், அங்கே இடம் கிட்டாமல் இங்கு வந்தவர்கள் உண்டு. அதே கனவோடு மேல்நிலை வகுப்பில் படிக்கும் தம்பி தங்கையரை உடையவர்களும் நம்மில் உண்டு. அவர்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் பல, விண்ணப்பிப்பவர் விலங்குகளோடு எவ்வளவு காலம் பழகினார் என்றும் கேட்கின்றன. நம் மாநிலத்திலோ மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்களைக் கொண்டே தரவரிசை வகுக்கப்படுகிறது. மாட்டின் மூக்கணாங்கயிற்றை ஒருநாளும் பிடித்தறியாத மாணவரும் இடம் பெறலாம். "கேட்காத ஒன்றை ஏன் தேட வேண்டும்?" என்று நண்பர்கள் வினவலாம். அதற்கு விடையாக என் தவறு ஒன்றையே சொல்கிறேன்.

ஒரு வெள்ளாட்டின் கதை

நான் மேல்நிலைத் தேர்வு எழுதிவிட்டு ஊரில் இருந்த சமயம். அப்பத்தாவின் வெள்ளாடு ஒன்று, பனி ஈரத்தோடு இருந்த இளம் உளுந்துச் செடிகளை மேய்ந்துவிட்டது. இடப்பக்க வயிறு பறைபோல் உப்பிற்று. எண்ணெய் புகட்டினால் நுரை அடங்கும் என்று நான் படித்திருந்தேன். படித்தது சரியே. ஆனால் புகட்டும் முறை எனக்குத் தெரியாது. ஆட்டின் தலையை வானம் பார்க்கத் தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூங்கில் குழாயால் ஊற்றினேன். ஆடு இருமியது. நான் நிறுத்தவில்லை.

வயிறு வடிந்தது, நான் பெருமைப்பட்டேன். மறுநாள் ஆட்டுக்கு மூச்சு இரைத்தது. மூக்கில் சளி ஒழுகியது. கால்நடை உதவி மருத்துவர் வந்து பார்த்து, எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார். நான்காம் நாள் அது இறந்தது.

அப்பத்தா என்னைத் திட்டவில்லை. "படிக்கிற பிள்ளை செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்யா" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது. தலை முதுகின் மட்டத்திற்கு மேல் வெகுவாக உயரக்கூடாது, நாக்கைப் பிடிக்கக்கூடாது, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழவிட வேண்டும். இவற்றை நான் அறிந்தது ஆடு போன பின்புதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டுச் சுரைக்காய் ஓர் உயிரையே வாங்கிவிட்டது.

நலமுள்ள விலங்கை அறிதல்

அனுபவம் என்றால் ஊசி போடுவது என்று எண்ணுவது தவறு. நோயை அறிவதற்கு முன் நலத்தை அறிய வேண்டும். அதற்கு ஒரு குறிப்பேடும் வெப்பமானியும் போதும். வீட்டிலோ அண்டையிலோ உள்ள நல்ல பசு ஒன்றை ஒரு மாதம் தொடர்ந்து கவனியுங்கள்.

முதலில் தொலைவில் நின்று விலாவின் அசைவைக் கொண்டு மூச்சை எண்ணுங்கள். அருகே சென்றால் அது மிரண்டு மூச்சு மாறும். ஓய்வாக நிற்கும் பசு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 முதல் 30 முறை மூச்சுவிடும். வாலின் அடிப்புறத்தில் விரல் வைத்தால் நாடி தெரியும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பம் பசுவுக்குச் சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட். வெள்ளாட்டுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். இடப்பக்கப் பசிக்குழியில் கைமுட்டியை வைத்து அழுத்திப் பிடித்தால், பெருவயிறு நிமிடத்திற்கு ஒன்றிரண்டு முறை எழுந்து அடங்குவதை உணரலாம். அசைபோடுகிறதா, மூக்குநுனி ஈரமாக உள்ளதா, சாணம் எவ்வாறு உள்ளது என்பவற்றையும் நாள்தோறும் எழுதுங்கள். ஒரு மாதத்தில், "இன்று இந்த மாடு சரியில்லை" என்று சொல்ல உங்கள் கண்ணே கற்றுக்கொள்ளும்.

மருந்தகமும் மேய்ச்சல் காடும்

அடுத்துச் செல்ல வேண்டிய இடம் அரசு கால்நடை மருந்தகம். மருத்துவரிடம் முறையாக அனுமதி பெற்று, விடுமுறை நாட்களின் காலை வேளையில் ஒதுங்கி நின்று பாருங்கள். இரும்புச் சட்டத்துக்குள் மாட்டை எவ்வாறு நிறுத்துகிறார், எங்கே நின்றால் உதை விழாது, உரிமையாளரிடம் எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறார் என்று கவனியுங்கள். விலங்கு வாய்திறந்து பேசாது. அதற்காகப் பேசுபவர் அதன் உரிமையாளரே. அவரிடம் பொறுமையாகக் கேட்டறிவது மருத்துவத்தில் பாதி. ஊசியையும் மருந்தையும் நீங்கள் தொட வேண்டாம். பதிவு பெற்ற மருத்துவரே மருத்துவம் செய்யலாம் என்பது 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம்.

கிடை போடும் கீதாரிகளிடமும் கற்கலாம். நூறு ஆடுகளில் பின்தங்கும் ஓர் ஆட்டை அவர்கள் எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்று கேளுங்கள். பசு, எருமை, ஆடு, கோழி, நாய் என ஒவ்வொன்றோடும் சில நாட்களாவது பழகுங்கள்.

தற்காப்பு

ஆர்வத்தில் அஞ்ச வேண்டியவற்றை மறக்கலாகாது. மாடு எச்சில் ஒழுக்கி விழுங்க முடியாமல் தவித்தால், தொண்டையில் ஏதோ சிக்கியது என்று கையை விடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். இத்துறையை நாடுவோர் மருத்துவரைக் கலந்து வெறிநோய்த் தடுப்பூசியை முன்னதாகவே போட்டுக்கொள்வது நலம். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருச்சிதைந்த மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டால், கன்றுவீச்சு நோய்க்கிருமி மனிதரையும் பற்றும். திடீரென இறந்து மூக்கிலும் ஆசனவாயிலும் இரத்தம் கசியும் உடலை அறுக்கவே கூடாது. அடைப்பான் நோயின் வித்துகள் மண்ணில் பல்லாண்டு உயிர்த்திருக்கும்.

முடிவாக

இவ்வாறு பழகும்போது, நம்மைப் பற்றிய உண்மை ஒன்றும் நமக்குப் புலப்படும். சாணம், சீழ், இரத்தம், நள்ளிரவில் ஈனும் மாடு, காப்பாற்ற முடியாமல் போகும் உயிர் இவற்றை நம்மால் தாங்க முடியுமா என்பதை ஐந்தரை ஆண்டுப் படிப்பில் நுழைந்த பின் அறிவதைவிட, முன்பே அறிவது நன்று. முடியாது என்று அறிந்து விலகுவதில் இழிவில்லை. முடியும் என்று அறிந்தவர் இடம் கிடைக்கும்வரை தளர மாட்டார்.

மதிப்பெண் கல்லூரி வாயிலைத் திறக்கும். ஆனால் நாளை ஒரு குடும்பத்தின் ஒரே பசுவைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் நம் முன் நிற்கும்போது, அவர் நம் மதிப்பெண்ணைப் பார்க்கப்போவதில்லை. படித்த பிள்ளை செய்தால் சரியாக இருக்கும் என்றே நம்பப்போகிறார். அந்த நம்பிக்கைக்குத் தகுதி பெற, இன்றே தொழுவத்திற்குச் செல்வோம்.