நற்செயலில் முந்துவோம்

கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணல். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் கரையில் வாழும் நமக்கு, இறைவன் நல்ல தண்ணீரை இந்த மணலுக்குள் வைத்துத் தந்திருக்கிறார். மழைநீர் மணலில் இறங்கி, பாரம் கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவோடு அள்ளினால் அடுத்த மாரி அதை நிரப்பிவிடும். பம்பி வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தாலோ, அடியிலுள்ள உவர்நீர் மேலேறும், கிணறு கரிக்கும்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிக் கரையோரக் கிணறுகளை உப்பாக்கியபோது நல்ல தண்ணீரின் அருமையை உணர்ந்தோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீண்டபோது மின்சாரத்தின் அருமையையும் உணர்ந்தோம். ஆயினும் கஷ்டம் நீங்கியதும் மறந்துவிடுவது மனித இயல்பு.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளை எண்ணுங்கள். வீட்டில் மின்கட்டணச் சீட்டு வந்ததும் தகப்பனார் முகம் சுளிப்பார். பிள்ளைகளும் விளக்கை அணைப்பார்கள். விடுதியில் அச்சீட்டைக் காண்பவர் யார்? காணாத செலவு கருத்தில் படுவதில்லை.

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள ஓபர்லின் கல்லூரியில் 2005இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விடுதிகளுக்கிடையே இரண்டு வாரச் சேமிப்புப் போட்டி வைத்தார்கள். மின்பாவனை 32 வீதம் குறைந்தது. வாரம் ஒருமுறை கணக்கைக் கண்ட விடுதிகளில் 31 வீதமும், உடனுக்குடன் கண்ட விடுதிகளில் 55 வீதமும் குறைந்தன. ஆனால் தண்ணீரில் குறைந்தது 3 வீதம் மட்டுமே. விளக்கை அணைப்பது ஒரு நொடி வேலை. குளிக்கும், துவைக்கும் பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. ஆகவே நம் ஊரில் போட்டி வைப்போர் தண்ணீருக்கே கூடிய கவனம் செலுத்த வேண்டும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மின்மானி, நீர்மானி இரண்டையும் மாணவரே தினமும் வாசித்து, விடுதி வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதட்டும். கிணற்று நீராயின், தாங்கியை எத்தனை முறை நிரப்பினார்கள் என்று குறிக்கட்டும். ஆட்தொகை வேறுபடுவதால் ஒவ்வொரு விடுதியும் தன் முந்திய வாரத்தோடு தன்னை ஒப்பிடட்டும். 75 வற் மின்விசிறி ஆளில்லா அறையில் 10 மணி நேரம் சுழன்றால் முக்கால் அலகு வீண். நொடிக்கு ஒரு துளி ஒழுகும் குழாயால் நாளுக்கு 20 லீற்றர்வரை வீண். தண்ணீர் மிச்சமானால் பம்பிக்குரிய மின்சாரமும் மிச்சம்.

போட்டி பொறாமையாக மாறலாகாது. எண்ணைக் குறைப்பதற்காக நோயுற்ற தோழனின் விசிறியை நிறுத்துவது சேமிப்பன்று, அன்புக்கு விரோதம். அன்பிலும் நற்செயலிலும் ஒருவரையொருவர் தூண்டிவிடும்படி எபிரேயருக்கு எழுதிய திருமுகம் (10:24) நம்மைக் கேட்கிறது. கிறிஸ்தவனுக்குத் தகுந்த போட்டி இதுவே. அப்பங்களைப் பலுகச் செய்த ஆண்டவரே மிஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார் (அரு. 6:12). நிறைவைக் கொடுத்தவர் வீணாக்க விடவில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில், தண்ணீரைக் குறைத்துப் பாவிப்பதையும் தேவையற்ற விளக்கை அணைப்பதையும் படைப்பைப் பேணும் அன்றாடச் சிறு செயல்களாகக் குறிப்பிட்டார்.

பெற்றோரே, விடுமுறைக்கு வரும் பிள்ளைகளோடு இன்றிரவு செபம் முடிந்தபின் இவற்றைப் பேசுங்கள்:

1. நம் கிணற்று நீரை வேறு எத்தனை வீட்டார் நம்பியிருக்கிறார்கள்?
2. கட்டணம் பிறர் செலுத்தும் இடத்தில் நாம் எப்படி நடக்கிறோம்?
3. போட்டி முடிந்த பின்னும் நிலைக்கும்படி, நம் வீட்டில் எந்த ஒரு பழக்கத்தை மாற்றுவோம்?