பழைய மோட்டார் வண்டிகளுக்குப் பகல் விளக்கு

இரவில் எரியும் முன்விளக்கு ஓட்டுபவருக்குப் பாதையைக் காட்டுகிறது. பகல் விளக்கின் பணி வேறு. அது வண்டியைப் பிறருக்குக் காட்டுகிறது. மரங்கள் அடர்ந்த நெடுஞ்சாலையில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழும் இடத்தில், சாம்பல் நிற வண்டி ஒன்று எதிரே வருமாயின் அது கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. முன்செல்லும் லாரியைக் கடக்க முற்படுபவர் சாலை வெறுமையாய் இருப்பதாகவே எண்ணிவிடக்கூடும். அந்நிழலின் நடுவே வெண்மையான ஒளிப்புள்ளிகள் இரண்டு இருந்தால், வண்டியின் உருவத்தைக் காணுமுன்னரே கண் அவற்றைப் பற்றிக்கொள்கிறது.

குளிர்காலத்தில் சூரிய ஒளி குன்றிய வடநாடுகளே இம்முறையை முதலில் மேற்கொண்டன. பின்லாந்தில் 1972-லும், சுவீடனில் 1977-லும் பகலில் விளக்கெரிக்கும் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் வகைகளுக்குப் பகல் விளக்கு கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கும் எரிகிறது. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் முதலிய பழைய கார்களில் இவ்வசதி இல்லை. இதனைப் புதிதாகப் பொருத்த விரும்புவோர் முதலில் ஆராய வேண்டியது விளக்கின் பிரகாசத்தை அன்று. வண்டியின் மின்சார வரவு செலவையே ஆகும்.

பகலிலும் முன்விளக்கையே எரித்தால் என்ன என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 45 வாட் முன்விளக்குகள் இரண்டுக்கு 90 வாட். அவற்றுடன் சேர்ந்தெரியும் சிறு விளக்குகள், பின்விளக்குகள், எண்பலகை விளக்கு ஆகிய ஐந்தும் தலா 6 வாட் எனக் கொண்டால் 30 வாட். ஆக 120 வாட். இதனை 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர் ஆகிறது. பழைய டைனமோ முழு வேகத்தில் சுழலும்பொழுது ஏறக்குறைய 20 ஆம்பியரே தரவல்லது. எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது அனேகமாக ஒன்றும் தருவதில்லை. நகர நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டியில் இந்தப் பத்து ஆம்பியரும் பாட்டரியிலிருந்தே செல்கிறது. பகலெல்லாம் இவ்வாறு ஓடிய வண்டி, மாலையில் ஆளரவமற்ற இடத்தில் நிறுத்தியபின் மீண்டும் கிளம்பாமற் போவதில் வியப்பில்லை.

எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழும் டையோடு இச்சங்கடத்தைத் தீர்க்கிறது. 6 வாட் கொண்ட இத்தகைய விளக்குகள் இரண்டுக்கு 1 ஆம்பியர் போதும். சர்வதேச விதிப்படி பகல் விளக்கு ஒவ்வொன்றின் நேர்முக ஒளிச்செறிவு 400 கேண்டெலாவுக்குக் குறையாமலும் 1200-க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். ஆனால் பழைய ரெகுலேட்டர் சில வேளைகளில் 16 வோல்ட்டு வரை ஏற விட்டுவிடும். ஆகவே, வெறும் மின்தடையை மட்டும் கொண்ட மலிவான ஒளிப்பட்டைகளை விலக்கி, மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சாதனம் உள்ளடங்கிய விளக்கையே வாங்குதல் நலம்.

"எந்த வண்டிக்கும் பொருந்தும்" என்று கடைக்காரர் கூறுவதிற் பாதி உண்மையே உண்டு. பிரிட்டிஷ் மாதிரியில் அமைந்த பழைய கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வண்டிகளில் எதிர்முனையே அவ்வாறு இணைகிறது. இழை பல்புக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. டையோடோ ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தைச் செல்லவிடும். எனவே உடலோடு இணைந்த முனை எது என்பதை முதலில் பார்த்துக்கொள்க. குறிகள் அழிந்திருப்பினும், இரண்டினுள் சற்றுப் பருத்த முனையே நேர்முனை. நேர்முனை உடலோடு இணைந்திருந்தால் விளக்கின் சிவப்புக் கம்பியை உடலிலும், கருப்புக் கம்பியைப் பியூஸின் வழியே வரும் கம்பியிலும் இணைக்க வேண்டும். இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. சில விளக்குகளின் உலோகக் கூடு உள்ளே எதிர்முனையுடன் சேர்ந்திருக்கும். அதனை அப்படியே பம்ப்பரில் முடுக்கினால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பியூஸ் எரிந்துவிடும். ரப்பர்த் தகடும் புஷ்ஷும் இட்டுக் கூட்டை உடலிலிருந்து பிரிக்க வேண்டும்.

லூக்காஸ் முறையிலமைந்த பழைய பியூஸ் பெட்டியில் ஏ4 என்னும் முனை, சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் பெறுவது. அதிலிருந்து ஐந்து முனை ரிலேயின் 30-ஆம் முனைக்கும், அதன் 87-ஏ முனையிலிருந்து பகல் விளக்குகளுக்கும் கம்பி செல்லட்டும். டிப் சுவிட்சுக்குள் நுழையும் முன்விளக்குக் கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்து 86-இல் இணைத்து, 85-ஐ உடலோடு சேர்க்கவும். முன்விளக்கைப் போட்டவுடன் ரிலே இழுக்கப்பட்டுப் பகல் விளக்கு தானே அணைந்துவிடும். இரவில் எதிரே வருவோர் கண் கூசாதிருக்க இது அவசியம். ரிலேயினுள் டையோடு இருப்பின் இங்கும் முனைகளின் திசையைக் கவனிக்க வேண்டும்.

விளக்குகள் தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு மேலும் 150 சென்டிமீட்டருக்குள்ளும், ஒன்றுக்கொன்று 60 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளியிலும் அமையட்டும். தகட்டில் துளையிடலாகாது, பம்ப்பரைத் தாங்கும் போல்ட்டுகளிலேயே சிறு பட்டை வைத்து மாட்டலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் வந்த விதிகளும் மூல வடிவம் மாறாதிருத்தலை வேண்டுகின்றன. எனவே வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நன்று.

களப்பணியாளர் முக்கியமாக நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்று. பகல் விளக்கு எரியும்பொழுது பின்விளக்கு எரிவதில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களிற் கங்கைச் சமவெளியில் மூடுபனி கவிந்திருக்கையில், முன்னே வெளிச்சம் தெரிவதைக் கண்டு விளக்குகள் யாவும் எரிவதாக ஓட்டுநர் மயங்கலாம். பின்னால் வரும் லாரிக்கோ வண்டி இருப்பதே தெரியாது. பனியிலும் கடுமழையிலும் சுவிட்சைப் போட்டு, தாழ்ந்த கற்றையில் முன்விளக்கை எரிப்பதே தகும்.

ஆசிரியர்கள் இதன் அடிப்படையை வகுப்பிலேயே காட்டலாம். 9 வோல்ட்டு பாட்டரி ஒன்றில் 470 ஓம் மின்தடையையும் சிவப்பு டையோடு ஒன்றையும் தொடராக இணைத்தால் டையோடு ஒளிரும். முனைகளை மாற்றினால் அணைந்துவிடும். மின்தடையையும் டையோடையும் நீக்கிவிட்டு, அப்பாட்டரிக்கு ஏற்ற சிறு பல்பை இருவகையிலும் இணைத்துப் பார்க்கச் செய்க. டையோடு 2 வோல்ட்டு எடுத்துக்கொள்ள, எஞ்சிய 7 வோல்ட்டை 470-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர் என மாணவர்களே கணக்கிடுவர். அம்மீட்டர் காட்டும் அளவை அதனோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம்.