ராஜினாமாவுக்கு முன்

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகப்போவதாக உன் அம்மா போனில் அழுதாள். ஊழியத்துக்கு நான் விரோதி இல்லை, உனக்கே தெரியும். முடிவும் உன்னுடையதுதான். ஆனால் மருமகளுக்கு ஏழாம் மாதம். வீட்டுக் கடன் பாதிகூட அடையவில்லை. எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

உபவாசக் கூட்டத்தில் இருதயத்தை முழுசாக ஒப்புக்கொடுத்துவிட்டேன், இனி கம்பெனி வேலையில் மனம் ஒட்டாது என்றாயாம். ஒப்புக்கொடுத்தது நல்லது. அந்த இருதயம் திங்கட்கிழமை ஆபீசுக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? உனக்குக் கீழே இருக்கிற பையன் செய்த வேலையை உன் பெயரில் எழுதாமல் இருப்பதும், போகாத பயணத்துக்குப் பில் வைக்காமல் இருப்பதும் ஆண்டவருக்குச் செய்கிற ஆராதனைதான். பார்க்க ஆள் இல்லாத இடத்தில்தான் இருதயம் யாரிடம் இருக்கிறது என்று தெரியும்.

ஆச்சியை நினைத்துப் பார். அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னே காணிக்கைக்கென்று ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலைக் கலயத்தில் போடுவாள். அரிசி தட்டான நாளிலும் போடுவாள். பிடி கொஞ்சம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். போடும்போது உதடு அசையும். யாருக்காக ஜெபிக்கிறாள் என்று கேட்டால் சொல்லமாட்டாள். இப்படிப்பட்டவர்கள் நிறைந்த நம் ஜில்லாச் சபைகள்தான் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, சொந்தக் காணிக்கையில் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பின. அதை எழுப்பியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளை அசரியா. 1912-இல் தோர்னக்கல் பிஷப்பானார். அங்கே ஞானஸ்நானம் பெற்ற ஏழைக் கூலிக்காரர் ஒவ்வொருவரும் தாம் இருக்கிற இடத்திலேயே சாட்சி என்பதுதான் அவர் போதனை.

டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மாவைப் பார். ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லித் திரிந்தவர், 1901-க்குப் பிறகு பிள்ளைகள் அவரிடம் அடைக்கலமாக வந்து சேரச் சேர, அந்தப் பயணங்களை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதும் குளிப்பாட்டுவதுமாக உட்கார்ந்தார். இதெல்லாம் ஒரு ஊழியமா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு.

சித்தப்பா விஷயத்தை எடுக்காதீர்கள் என்கிறாள் உன் பெரியம்மா. எடுக்காமல் முடியவில்லை. ஒரு கன்வென்ஷனில் கையை உயர்த்தினான், அந்த வாரமே வேலையை விட்டான். தைரியம் கொடுத்த பிரசங்கியார் பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சித்தி முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குப் போட்டுத்தான் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டினாள். எண்ணெய் தெறித்து அவள் கை கொப்பளித்துக் கிடந்த நாட்களில் அவன் மேடையில் தியாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் இருதயத்தை ஆண்டவருக்குக் கொடுத்தது யார் என்று கேட்டால் நான் சித்தியைத்தான் காட்டுவேன். இன்றுவரை எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. ஊழியக்காரன் பிள்ளை பசியோடு பள்ளிக்கூடம் போகக் கூடாது, தம்பி.

வேலையை விடவே கூடாது என்று சொல்லவில்லை. பிரசவம் ஆகட்டும், கடன் அடையட்டும், குருவானவரிடம் பேசு. எல்லாருக்கும் முன்னால் மருமகளிடம் பேசு. அவளுக்கு இது உன் வாயால் தெரியவில்லையாம். அதுவரை ஒன்று செய். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அவளோடு உட்கார்ந்து ஒரு அதிகாரம் வாசி. ஒரு கீர்த்தனை பாடு. அவள் பெயரைச் சொல்லி ஜெபி. உங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நின்று மாதக்கணக்காகிறது என்று கேள்விப்பட்டேன். ராஜினாமாவைவிட அதுதான் என்னை வாட்டுகிறது.

நீ எந்த முடிவு எடுத்தாலும் எங்கள் பிள்ளைதான். ஊழியத்துக்கே போனாலும் முதல் காணிக்கை என் பென்ஷனிலிருந்து வரும். நம் சபை அசன விருந்துக்கு இரண்டு பேரும் வரவேண்டும். பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னால் நாங்களே அங்கே வருகிறோம். பெரியம்மா அவளுக்குப் பனங்கற்கண்டு வாங்கி வைத்திருக்கிறாள், உனக்கு முந்திரிக்கொத்து. பணம் ஏதாவது முடையென்றால் அம்மாவிடம் சொல்லாதே, என்னிடம் கேள். காகிதம் கிடைத்ததும் போன் பண்ணு. திட்டமாட்டேன்.

அன்புடன்,
பெரியப்பா