பி.ஈ. முடிச்சுட்டு சட்டம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா?

போன செமஸ்டர்ல எங்க டீம் ஒரு தண்ணீர் ஃபில்டர் செஞ்சோம். அது வேலை செஞ்ச அன்னைக்கே, உள்ள என்னென்ன இருக்குன்னு முழுசா விளக்கி இன்ஸ்டாகிராம்ல வீடியோ போட்டுட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பேட்டன்ட் ஏஜென்ட்டைப் பார்த்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "இதை ஏற்கெனவே வெளியில காட்டிட்டீங்களா?"

விண்ணப்பிக்கும் தேதிக்கு முன்னாடியே விஷயம் பொதுவெளிக்கு வந்துட்டா, சட்டத்தின் கண்ணில் அது புதுசு இல்லை. சில விதிவிலக்குகள் உண்டு. இன்ஸ்டாகிராம் அதில் வராது. நாலு வருஷத்துல இதை எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. அந்தப் பாடம் எடுக்கும் ஆளாக நாமே ஏன் ஆகக்கூடாது?

"அறிவியல் படிச்சவனுக்குச் சட்டத்துல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. மஞ்சள் வழக்கைப் பாருங்க. மஞ்சள்தூளால் காயம் ஆற்றும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்தாங்க. நம்ம சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்தது. பழைய சமஸ்கிருத நூல், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரைன்னு ஆதாரங்களை அடுக்கினாங்க. 1997-ல் அந்த உரிமை செல்லாதுன்னு முடிவாச்சு. 'இது புதுசா?' என்பது சட்டக் கேள்விதான். ஆனா பதிலைத் தேடிப் பிடிக்க அறிவியல் கட்டுரை படிக்கத் தெரியணும்.

இனி வழி. இதில் ரெண்டு பாதை இருக்கு, குழப்பிக்காதீங்க.

பேட்டன்ட் ஏஜென்ட் ஆக சட்டப் பட்டம் தேவையில்லை. இந்தியக் குடிமகனா இருக்கணும், 21 வயசு முடிஞ்சிருக்கணும், அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேணும், ஏஜென்ட் தேர்வில் பாஸ் ஆகணும்.

சட்டப் பேராசிரியர் ஆக இது போதாது. முதல்ல 3 வருஷ எல்.எல்.பி. அடுத்து எல்.எல்.எம்., 1 அல்லது 2 வருஷம். பிறகு சட்டப் பாடத்தில் நெட் தேர்வு, இல்லைன்னா பி.எச்டி. ஐ.ஐ.டி. கரக்பூரில் 2006-ல் தொடங்கின அறிவுசார் சொத்துரிமைச் சட்டப் பள்ளி, நம்மளை மாதிரி பொறியியல் ஆட்களை மனசுல வச்சே எல்.எல்.பி. நடத்துது.

கணக்குப் போட்டா குறைஞ்சது இன்னும் 4 வருஷம். அந்த நேரத்துல ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சம்பளம் வாங்கிட்டு இருப்பாங்க. "அப்போ பி.ஈ.க்குக் கட்டின ஃபீஸ்?"னு எங்க அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அதனால என் திட்டம் இது: கிடைச்ச வேலையில் முதலில் சேரணும், வேலை பார்த்துக்கிட்டே ஏஜென்ட் தேர்வு எழுதணும். அதுக்கப்புறமும் ஆசை குறையலைன்னா எல்.எல்.பி.

நீங்க எந்தப் பாதையில போனாலும் சரி, ப்ராஜெக்ட் வீடியோவை அப்லோட் பண்றதுக்கு முன்னாடி பேட்டன்ட் பத்தி ஒரு வார்த்தை விசாரிச்சுடுங்க. நாங்க விசாரிக்கலை.