வடிகட்டிய தண்ணீரும் வாய் ருசியும்

மளிகை வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களுக்கு இரண்டு புகார்கள் மிகவும் பழக்கமானவை. "அண்ணா, போன வாரம் கொடுத்த துவரம் பருப்பு வேகவே இல்லீங்க" என்பது ஒன்று. "டீத்தூளை மாத்திட்டீங்களா, சாரமே இல்லை" என்பது மற்றொன்று. சரக்கு பழையது என்றால் தவறு நம்முடையது. மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் ஒரே மூட்டையிலிருந்து வாங்கிய பத்து வீடுகளில் எட்டு வீட்டில் வெந்து, இரண்டு வீட்டில் மட்டும் வேகவில்லை என்றால் பருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இரண்டு வீட்டிலும் என்ன தண்ணீர் வைத்து உலை போட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

பாப்பாரப்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் சதையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழித்துக்கொண்டு நிற்கும். அதே தண்ணீரில் டீ போட்டால் நிறம் மங்கி, மேலே ஆடை போல ஒரு படலம் மிதக்கும். நம்பாத வாடிக்கையாளரிடம் வாதம் செய்ய வேண்டாம். ஒரே தூளை, ஒரே அளவில், ஒரு பாத்திரத்தில் போர் தண்ணீரிலும் இன்னொன்றில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரிலும் போட்டுக் காட்டினால் போதும். நாம் கடையிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறோம். டீ நம் செலவு. ஆனால் வாடிக்கை போகவில்லை.

இதுவரை சொன்னது நாக்குக்குத் தெரிகிற விஷயம். நம் ஜில்லாவில் உண்மையான தொல்லை நாக்குக்குத் தெரியாத விஷயத்தில் இருக்கிறது. அதுதான் புளோரைடு. இங்குள்ள பாறைகளிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் போனால், பல் உருவாகும் வயதிலுள்ள குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். பல வருஷம் மிகுதியாகக் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் விறைத்துப் போகும். பழைய சென்னை ராஜதானியின் நெல்லூர் ஜில்லாவில் இந்த எலும்பு நோயை 1937-லேயே டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். நம் கடைக்கு வந்து "கறை போக நல்ல பல்பொடி இருக்கா?" என்று கேட்கிறவர்களில் பலருக்கு அந்தக் கறை பல்லின் உள்ளேயே இருக்கிறது. எந்தப் பொடியும் அதை எடுக்காது. எடுக்கும் என்று சொல்லி விற்பது நமக்கு அழகல்ல.

லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு உள்ள தண்ணீரை வாயில் வைத்தால் ஒன்றும் தெரியாது. நிறமில்லை, வாடையில்லை, கசப்பில்லை. ஆகவே வீட்டில் பில்டர் வைத்த பிறகு "தண்ணீர் ருசி மாறிவிட்டது, இனிப் பயமில்லை" என்று யாராவது சொன்னால், அவர் பேச்சில் முதல் பாதிதான் மெய்.

எந்த பில்டர் எதைச் செய்கிறது என்று பார்ப்போம். பீங்கான் கேண்டில் வைத்த எவர்சில்வர் பில்டர் மண்ணையும் தூசியையும் தடுக்கும். கரைந்திருக்கும் உப்பையோ புளோரைடையோ தொடாது. கரி பில்டர் குளோரின் வாடையையும் வேறு நாற்றங்களையும் உறிஞ்சிவிடும். ருசியை மாற்றுவதில் இதுவே கெட்டிக்காரன். ஆனால் புளோரைடு விஷயத்தில் இதையும் நம்பக்கூடாது. புற ஊதா விளக்குள்ள கருவி கிருமியைக் கொல்லும். ருசி இருந்தது இருந்தபடியே இருக்கும். நாம் விற்கும் தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், வெட்டிவேர் வாசனை தரும், மண்பானை குளிர வைக்கும். மூன்றும் நல்ல பொருள்கள்தான், புளோரைடுக்கு மட்டும் ஆகாது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்பது பெரிய தப்பு. தண்ணீர் ஆவியாகிக் குறையும், புளோரைடு பாத்திரத்திலேயே தங்கும். படிகாரம், சுண்ணாம்பு இரண்டையும் கணக்காகப் போட்டு இறக்கும் நல்கொண்டா முறை ஒன்று உண்டு. நாக்பூரிலுள்ள நீரி ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. அது அளவறிந்து செய்ய வேண்டிய வேலை. குடத்தில் ஒரு சிட்டிகை படிகாரம் சுற்றுவதால் நடப்பதல்ல.

ஆர்.ஓ. மெஷின் ஒன்றுதான் உப்பையும் புளோரைடையும் சேர்த்துப் பெருமளவு பிரித்துத் தள்ளுகிறது. அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண வீட்டு பில்டர் கடைகளில் இதைச் சொல்வது குறைவு.

போர் தண்ணீரில் வளர்ந்த நாக்குக்கு ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருக்கும். உப்பு போனதோடு ருசியும் போய்விட்டது என்பார்கள். உடனே மெக்கானிக் வந்து உள்ளே உள்ள ஒரு திருகைத் திருப்புவார். வடிகட்டாத தண்ணீரில் ஒரு பங்கு அப்படியே கலக்கும். ருசி வந்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். இப்போது கணக்கைப் போடுவோம். போர் தண்ணீரில் கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., 1,200, புளோரைடு 3. மெஷினில் இறங்கியது டி.டி.எஸ். 100, புளோரைடு 0.3 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் டி.டி.எஸ். 650. உலக சுகாதார நிறுவனம் 600-க்குள் இருந்தால் ருசி நன்று, 1,000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்கிறது. 650 ஏறக்குறைய நல்ல ருசிதான். புளோரைடோ 1.65 ஆகிவிட்டது! எல்லையைத் தாண்டியாயிற்று. பணம் கொடுத்து மெஷின் வாங்கி, எதற்காக வாங்கினோமோ அதையே திரும்ப ஊற்றிக் குடிக்கிறோம்.

கையடக்க டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டுவதிலும் மயங்கக்கூடாது. அது மொத்த உப்பைக் குத்துமதிப்பாகச் சொல்லும், அவ்வளவே. கல்லாவில் 1,200 ரூபாய் இருக்கிறது என்று எண்ணிச் சொல்பவனுக்கு, அதில் 3 ரூபாய் செல்லாக் காசு என்பது தெரியுமா?

இதற்கு நேர்மாறான கதை ஒகேனக்கல் தண்ணீருடையது. புளோரைடுத் தொல்லை தீர வேண்டும் என்றே தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்காக ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் அந்தத் திட்டம் போடப்பட்டது. 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். வருவது காவிரி ஆற்று நீர். குழாயில் நெடுந்தூரம் வருவதால் குளோரின் கலந்தே விடுகிறார்கள். அந்த வாடை பிடிக்காமல், "மருந்து நாத்தம்" என்று சொல்லி, ருசியான போர் தண்ணீரையே குடத்தில் பிடிக்கும் வீடுகளை நாம் அறிவோம். நல்லதைத் தள்ளிவிட்டுக் கெட்டதை எடுக்கச் சொல்லுகிறது நாக்கு.

இவர்களுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். குளோரின் போனபின் காவலும் போய்விடுவதால் அன்றைய தண்ணீரை அன்றே செலவழிக்க வேண்டும். அவசரமென்றால் சிறிய கரி பில்டர் போதும். ஆர்.ஓ. வைத்தால் இருக்கிற நல்ல ருசியும் போகும். ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்கும் போகும். தங்கள் தெருவின் மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும் ஏறுகிறதா, போர் தண்ணீரும் கலக்கிறதா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கேன் தண்ணீர் விற்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. 20 லிட்டர் கேனில் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்தே இறக்குங்கள். ருசியாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்வதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பில்டரும் கேண்டிலும் விற்பவர்கள், சாமானை எடுத்து வைக்கும் முன் "வீட்டில் என்ன தண்ணீர்?" என்று கேட்பதை வழக்கமாக்கலாம். போர் தண்ணீர் என்றால் முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஒரு கேண்டில் விற்பனை போனால் போகட்டும். தருமபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, நிறையப் பிடித்து இறுக மூட வேண்டும். புளோரைடு பார்க்கக் கண்ணாடிப் பாட்டில் உதவாது. எந்த இடத்துத் தண்ணீர், என்றைக்குப் பிடித்தது என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். புளோரைடு பார்க்க வேண்டும் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஆர்.ஓ. இருந்தால் இரண்டு பாட்டிலாக அனுப்பச் சொல்லுங்கள்: போரிலிருந்து ஒன்று, மெஷின் குழாயிலிருந்து ஒன்று.